விளையாட்டுக் கணினியும் வீட்டுக் கணக்கும்

களுபோவில, தெஹிவளை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இந்நாளில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழக்காளி பதினாறு, பதினேழு வயது மகன். சில வீடுகளில் மகள். எதிர்வழக்காளி தகப்பனார். தாயாரோ இருதரப்புக்கும் பேசவேண்டிய இக்கட்டில் அகப்பட்ட நியாயதுரந்தரர். வழக்கின் பொருள் ஒரு கணினி. அது எதற்கு என்று கேட்டால், “படிப்புக்கு” என்கிறான் மகன். விளையாட்டுக்குத்தான் கேட்கிறான் என்பது தகப்பனாருக்குத் தெரியாததன்று. தகப்பனாருக்கு அது தெரியும் என்பதும் மகனுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் இருவரும் ‘படிப்பு’ என்னும் சொல்லை நடுவே வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள்.

கணினி விளையாட்டு நல்லதா, கெட்டதா என்ற விவாதத்தில் நம் ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையப் பேசியாயிற்று. அதைக் காட்டிலும் முதலிற் சிந்திக்கற்பாலது வேறொன்று உண்டு. குறைந்த பணத்தில் ஒரு விளையாட்டுக் கணினியை உறுப்புறுப்பாகத் தெரிந்து வாங்கும் குடும்பம், அது விளையாட்டுக் கணினிதான் என்பதை முதலில் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொள்ளாத வீட்டிலே பணமும் வீணாகிறது. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள நம்பிக்கையும் வீணாகிறது. இதுவே என் கருத்து.

பெயர் பிழைத்தால் பொருளும் பிழைக்கும். படிப்புக்கென்று கேட்டால் தகப்பனார் படிப்புக்குப் போதுமானதையே தேடுவார். அதில் அவர்மீது குற்றமில்லை. பிறநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்த சிறிய மேசைக் கணினிகள் இங்கே இறக்குமதியாகி மலிவாக விற்கப்படுகின்றன. கட்டுரை எழுதவும், பாடக் காணொளி பார்க்கவும், உயர்தர வகுப்பு மாணவன் நிரலாக்கம் பழகவும் அவை தாராளமாகப் போதும். ஆனால் அவற்றின் ஒடுங்கிய பெட்டிக்குள் முழு உயர வரைகலை அட்டை நுழையாது. அவற்றின் மின்வழங்கிகள் பல அந்தந்தக் கம்பனியின் சொந்த வடிவில் அமைந்தவை. கழற்றிவிட்டு வலுவானதொன்றைப் பூட்டுவது எளிதன்று. அவற்றுட் பழையவை பல விண்டோஸ் 11 மென்பொருளையும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துவிட்டது. மூன்று மாதங்களில் மகன் முகம் வாடுகிறது. வாங்கியதைப் பாதி விலைக்கு விற்று மீண்டும் பணம் கேட்கும் நிலை உண்டாகிறது. ஒரு பொய்க்கு இரண்டு விலை கொடுத்தாயிற்று!

மகன் வென்ற வீடுகளில் வேறுவிதமான நட்டம் நேர்கிறது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் மாடிகளில் ஏறி இறங்கியவர்கள் அறிவார்கள்: கண்ணாடிச் சுவரும், ஏழு நிறத்தில் மின்னும் விசிறிகளும் உடைய பெட்டிகள் கடைவாயிலிலேயே கண்ணைப் பறிக்கும். தன் நோக்கத்தை வீட்டில் திறந்து பேசாத பிள்ளை அதைப்பற்றி யாரிடமும் ஆலோசனை கேட்டிருக்கமாட்டான். கணக்கெழுதிப் பார்த்திருக்கமாட்டான். ஆகவே விளக்கு வெளிச்சமே அவனுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. உள்ளே இருக்கவேண்டியதற்கான பணம் வெளியலங்காரத்தில் போய்விடுகிறது.

அப்படியானால் சரியான தெரிவு எவ்வாறு அமையவேண்டும்? விளையாட்டு ஓடும்போது கணினிக்குள் நடப்பது யாது என்று அறிந்தால் விடை தானே பிறக்கும். செயலி கணக்கைப் போடுகிறது: வீரன் எங்கே நிற்கிறான், பந்து எத்திசையிற் பறக்கிறது, சுவர் எப்போது இடிகிறது என்பதெல்லாம் அதன் வேலை. கடைகளில் ‘கிராபிக்ஸ் காட்’ என வழங்கும் வரைகலை அட்டை, அந்தக் கணக்கை ஓவியமாகத் தீட்டுகிறது. செக்கனுக்கு 60 ஓவியங்கள் வேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். இருவரில் யார் பிந்துகிறாரோ அவருடைய வேகமே முழுக் கணினியின் வேகம். பழைய அச்சுக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. எழுத்துக் கோப்பவர் மந்தமாயின் அச்சியந்திரம் எத்தனை விரைவாயினும் பத்திரிகை நேரத்துக்கு வெளிவராது. யந்திரம் மந்தமாயின் கோப்பவரின் கைவேகத்தாற் பயனில்லை. எனவே ஒன்றை மிக உயர்த்தி மற்றொன்றை மிகத் தாழ்த்துவது பணத்தைக் கடலிற் கொட்டுவதாகும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

அளப்பது எங்கிருந்து தொடங்குவது? நம் இளைஞர்கள் வரைகலை அட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். திரையிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் தொடங்குவதே முறை. 1920க்கு 1080 என்னும் அளவுடைய சாதாரணத் திரையில் உள்ள புள்ளிகள் 2,073,600. ‘4கே’ எனப்படும் திரையில் உள்ளவை 8,294,400. சரியாக நான்கு மடங்கு. ஒவ்வோர் ஓவியத்திலும் அத்தனை புள்ளிகளையும் தீட்டவேண்டிய அட்டையின் பளுவும் அதற்கேற்பப் பெருகும். குறைந்த பணமுடையவன் முதலாவது திரையோடு நின்றுகொள்வானாயின் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அடுத்த கேள்வி, எந்த விளையாட்டு என்பது. இலவசமாகக் கிடைக்கும் வெலரன்ட், டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய அட்டையிலும் நன்றாக ஓடும். பெருங்காட்சி விளையாட்டுகள் அவ்வாறல்ல. 8 கிகாபைட் நினைவகமுள்ள அட்டையே அவற்றுட் சிலவற்றுக்குப் போதாமற் போகிறது. நண்பர்களோடு மாலையில் ஒரு மணிநேரம் போட்டி ஆடவிரும்பும் பிள்ளைக்கும், தனியே கதைவிளையாட்டில் மூழ்க விரும்பும் பிள்ளைக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. இக்கேள்வியைக் கேட்கவேண்டுமானால், விளையாட்டுக்குத்தான் வாங்குகிறோம் என்று முதலில் ஒத்துக்கொண்டிருக்கவேண்டும் அல்லவா?

அதன்பின் செயலி. இங்கே ஓர் எழுத்தின் வலிமையைப் பாருங்கள். இன்டெல் கம்பனியின் ஐ3-12100எஃப் போன்ற பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘எஃப்’, உள்ளே வரைகலைப் பகுதி இல்லை என்பதன் அடையாளம். தனி அட்டை பூட்டாவிட்டால் அத்தகைய கணினியில் திரை இருளாகவே கிடக்கும். ஏஎம்டி கம்பனியின் றைசன் 5 5600இன் நிலையும் அதுவே. ஆனால் 2021இல் வந்த 5600ஜி, 2024இல் வந்த 8600ஜி என்பவற்றில் வரைகலைப் பகுதி உடன் அமைந்திருக்கிறது. கையிற் பணம் குறைந்த குடும்பத்துக்கு இவை நல்ல வழி. இவ்வருடம் அட்டையில்லாமல் தொடங்கி, எளிய விளையாட்டுகளை ஆடி, பின்னர் பணம் சேர்ந்தபோது அட்டையைப் பூட்டிக்கொள்ளலாம். 5600 என்பதைவிட 5600ஜி சற்று வேகம் குறைந்தது என்பதும் உண்மைதான். பொறுமைக்கு நாம் கொடுக்கும் சிறிய வரி அது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இவ்வகைச் செயலி தன் ஓவியத்தையும் பொது நினைவகத்திலேயே வைத்துத் தீட்டுகிறது. ஆதலின் 16 கிகாபைட் ராம் ஒன்றை வாங்குவதிலும் 8 கிகாபைட் ராம் இரண்டை வாங்கி இருவழியாக ஓடவிடுவதே விரைவு.

வரைகலை அட்டைக்கு வருவோம். மொத்தப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை இதற்கு ஒதுக்குவது பொருத்தம் என்பேன். இன்டெலின் ஆர்க் பி580 அட்டை 2024 டிசம்பரில் 249 டொலர் என்ற அறிவிப்புடன் 12 கிகாபைட் நினைவகத்தோடு வந்தது. என்விடியாவின் 5060 அட்டை 2025 மேயில் 299 டொலருக்கு 8 கிகாபைட்டோடு வந்தது. ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி அட்டை 2025 ஜூனில், 16 கிகாபைட் உடையது 349 டொலர் என்ற விலையில் வெளியாயிற்று. இவற்றுள் முதலாவது பழைய செயலிகளோடு சேர்ந்தால் தொய்ந்துவிடும். ஆகவே மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய கணினியிற் பூட்டுவதற்கு அது ஏற்றதன்று. இவை யாவும் அமெரிக்காவில் அறிவித்த விலைகள் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

நம்முடைய நாணயத்தில் அந்த 299 டொலர் எவ்வளவு? 2022 தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 59,800 ரூபா. டொலர் 300 ரூபாவாகும்போது அதுவே 89,700 ரூபா. கப்பற்கூலியும், கடைக்காரரின் இலாபமும், 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியும் இதற்கு மேல். அதே மாதச் சம்பளத்தில் அதே ஆசிரியர் அதே பொருளை வாங்க நினைத்தால் அவருக்கு ஏற்படும் திகைப்பைப் பிள்ளைகள் உணரவேண்டும். “அமெரிக்காவில் இவ்வளவுதான்” என்று கைத்தொலைபேசியைக் காட்டுவது தகப்பனாருக்கு விடையாகாது. உலகச் சந்தையின் அசைவும் நம் வீட்டுக் கணக்கைத் தொடுகிறது. 2025இன் இறுதி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெரும்பசியால் நினைவகச் சில்லுகளின் விலை எங்கும் ஏறியது. ‘குரூஷல்’ என்ற பெயரிற் பொதுமக்களுக்கு ராம் விற்றுவந்த மைக்ரன் கம்பனி, அவ்வியாபாரத்தைக் கைவிடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. எங்கோ எழும் கட்டடங்கள் களுபோவிலப் பிள்ளையின் ராம் விலையை நிர்ணயிக்கும் காலம் இது!

இனி, எவரும் பேச விரும்பாத உறுப்பொன்றைப் பற்றிப் பேசவேண்டும். அதுதான் மின்வழங்கி, கடைப்பேச்சில் ‘பவர் சப்ளை’. அதற்கு அழகில்லை, பெருமையில்லை, நண்பர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை. அதனாலேயே பணம் குறையும்போது முதலில் அதன் கழுத்திலேயே கத்தி வைக்கிறார்கள். பெட்டியோடு இலவசமாக வரும் மின்வழங்கியின் மேல் 500, 600 என்று எண் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணை அச்சிடுவதற்குச் செலவில்லை. 2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எத்தனை பங்கு வீணாகாமல் உள்ளே சேர்கிறது என்பதையே சொல்லும். ஆபத்திற் காக்குமா என்று சொல்லாது. ஆகவே முத்திரையோடு, மிகை மின்னழுத்தத்துக்கும் குறுக்குச் சுற்றுக்கும் பாதுகாப்பு உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்றும் விசாரிக்கவேண்டும். நடுத்தர அட்டையொன்றுக்கு நல்ல 550 வாட் போதும். போலியான 750 வாட் வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலைமையில் இதற்கு இருமடங்கு காரணம் உண்டு. 2022 மார்ச் இறுதியில் ஒருநாளில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது என்று அமைச்சரே கூறினார். மின்சாரம் போவதும் திடீரென்று மீள்வதும் இரண்டுமே யந்திரத்துக்குப் பகை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னல் வருவது நமக்குப் பழக்கம். மின்னலால் நேர்ந்த பழுதும் எரிந்த அடையாளமும் உத்தரவாதத்தில் அடங்கா என்று பற்றுச்சீட்டின் அடியில் சிற்றெழுத்தில் அச்சிடுவது கடைகள் பலவற்றின் வழக்கம். இடி முழங்கும்போது சொருகியைக் கழற்றுவதற்கு ஒரு சதமும் செலவாகாது. ‘யூபிஎஸ்’ வாங்குவோர் இன்னொன்றையும் கேட்டறியவேண்டும். மலிவானவை தரும் படிக்கட்டு வடிவ மின்னலை இக்கால மின்வழங்கிகள் சிலவற்றோடு ஒத்துப்போவதில்லை. காக்க வாங்கியது, மின்வெட்டு நேரத்திலேயே கணினியை அணைத்துவிடக்கூடும்.

எதைக் குறைக்கலாம்? நிற விளக்குகளை முழுவதுமாக. நீர்க் குளிரூட்டியை முழுவதுமாக. முன்புறம் கண்ணாடியால் மூடிய பெட்டி நம் ஊர் வெக்கைக்குப் பகை. காற்று நுழையும் வலைமுகப்புள்ள எளிய கேசிங் மலிவும் நலமும் ஆகும். எதை ஒத்திவைக்கலாம்? விலையுயர்ந்த விசைப்பலகையை, தலையணிக் கருவியை, இரண்டாவது சேமிப்பகத்தை. இருக்கும் திரை இயங்குமாயின் புதிய திரையையும். எதை ஒருபோதும் குறைக்கலாகாது? மின்வழங்கியை, அதற்கடுத்து தாய்ப்பலகையை. நிலத்துக்குள் மறைந்திருக்கும் அத்திவாரத்தில் மிச்சம் பிடித்து மாடியில் சித்திரம் தீட்டுபவன் வீட்டுக்காரனல்லன்.

பாவித்த பொருளைப் பற்றியும் ஒரு சொல். ‘எதீரியம்’ என்னும் எண்மநாணயத்தை வரைகலை அட்டைகளால் அகழும் முறை 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி முடிவுற்றது. அதன்பின், இரவுபகலாக உழைத்த அட்டைகள் உலகச் சந்தையெங்கும் மலிந்தன. பாவித்த அட்டை என்பதாலேயே அது தீண்டத்தகாததன்று. ஆராயாமல் வாங்குவதே தீது. கடையிலேயே அரைமணிநேரம் முழுப் பளுவில் ஓடவிட்டு, விசிறியின் ஒலியையும் வெப்பத்தையும் கண்டு, எழுத்தில் உத்தரவாதம் பெற்றபின் பணத்தைக் கொடுக்கலாம். ஆனால் மின்வழங்கியைப் பாவித்ததாக வாங்கவேண்டாம். அதன் வயதை வெளியிலிருந்து எவரும் காணமுடியாது.

வாங்கியதோடு செலவு முடிவதில்லை. விளையாடும்போது 250 வாட் இழுக்கும் கணினி நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் ஓடினால் முப்பது நாளில் 22.5 அலகு மின்சாரம். அலகுகள் கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறும் கட்டணமுறையில், இந்த 22.5 அலகு ஒரு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். இதையும் பட்டியலின் கடைசி வரியில் எழுதவேண்டும்.

“இத்தனை நெருக்கடியில் விளையாட்டுக்குக் கணினியா? இது ஆடம்பரமல்லவா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. ஆடம்பரந்தான். மருந்துச் சீட்டும் வீட்டு வாடகையும் முந்திக்கொள்ளும் வீட்டில், “இவ்வருடம் இயலாது, மகனே” என்று சொல்லத் தகப்பனாருக்கு முழு உரிமை உண்டு. அதைக் கேட்டுக்கொள்ளும் கடமை பிள்ளைக்கும் உண்டு. வெளிப்படையான ‘இல்லை’ ஒரு நாள் வருத்தத்தோடு முடிந்துவிடும். மறைமுகமான ‘ஆம்’ வருடக்கணக்கில் உறுத்தும். ஒவ்வொரு முறை விளையாட்டைத் திறக்கும்போதும் களவு செய்பவனைப்போல் பிள்ளை கதவைப் பார்க்கிறான். ஒவ்வொரு முறை புள்ளி குறையும்போதும், “படிப்புக்கென்று வாங்கித் தந்தேனே” என்று தகப்பனார் குத்திக்காட்டுகிறார். ஒரு காலத்தில் பாடப்புத்தகத்துக்குள் நாவலை மறைத்து வாசித்த தலைமுறையே இன்று பெற்றோராகவும் பாட்டன் பாட்டியாகவும் இருக்கிறது. மறைக்கவைத்ததால் அவர்கள் நாவலை விடவில்லை, மறைக்கத்தான் கற்றார்கள்.

எனக்குத் தோன்றும் வழி எளியது. தகப்பனார் தொகையைச் சொல்லட்டும்; பிள்ளை பட்டியலை எழுதட்டும். எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பது முதல் இரு வரிகள். அதன்கீழ் ஒவ்வோர் உறுப்புக்கும் விலையும், ஏன் இது, ஏன் அதைவிட மலிவானது அல்ல, ஏன் அதைவிட உயர்ந்தது அல்ல என்பதற்கு ஒவ்வொரு வரிக் காரணமும், நல்ல தமிழில். குறைந்தது மூன்று கடைகளின் விலையை ஒப்பிட்டுக் காட்டவேண்டும். தகப்பனாருக்குக் கணினி விளங்கவேண்டியதில்லை. காரணம் விளங்கினாற் போதும். விளங்காத காரணம் பெரும்பாலும் காரணமே இல்லாததாக இருக்கும். நம் பள்ளி ஆசிரியர்கள் இப்பட்டியலை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். கணிதமும், பொருளியலும், தொழினுட்பமும், கட்டுரைத் திறனும் ஒருங்கே சேரும் பாடம் இதைப்போல் வேறு எளிதிற் கிடைக்காது. மாணவன் தானாக விரும்பிச் செய்யும் வீட்டுவேலையாகவும் அது அமையும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். தன் வீட்டின் விரல் எவ்வளவு பருமன் என்று பதினாறு வயதிலேயே அளந்தறியும் பிள்ளை, நாளை வீடு கட்டும்போதும் தொழில் தொடங்கும்போதும் தடுமாறமாட்டான். பெற்றோர் ‘படிப்பு’ என்னும் திரையை விலக்கிவிட்டு, “எந்த விளையாட்டுக்கு?” என்று பிள்ளையை நேரிற் கேட்கட்டும். பிள்ளைகளும் நேரிற் பதில் சொல்லட்டும். அந்த உரையாடல் நடந்தபின் பம்பலப்பிட்டிக்குப் பஸ் ஏறலாம்.